நாதவட வாரியத்தின் பாமரக் காது

"நாளையிலேருந்து நீ லோடிங்குக்கு வர வேணாம் நாகப்பா. இனிமே நீ காது" என்று பர்சனல் ஆபீசர் சொன்னதும் நாகப்பன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வேறு எவனாவது நாகப்பன் நிற்கிறானோ என்று.

எவனும் இல்லை. அதுவே அவனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

நாகப்பன் ஆயுளில் பாதியை மாட்டுத் தரகில் கழித்தவன். கொம்புக்கு மை தடவி வயசைக் குறைப்பதையும், உப்புத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்பிக் கொண்டுவந்து சினை மாடு என்று நிறுத்துவதையும் கண்ணால் பார்த்தவன். இரண்டொரு முறை கையாலும் செய்தவன். அப்படிப்பட்டவனுக்குக் கெட்ட சேதி வந்தால் நிம்மதி, நல்ல சேதி வந்தால்தான் கவலை. யாராவது சிரித்த முகமாக ஒன்றைக் கொடுத்தால் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். அப்புறம் வாலைத் தூக்கிப் பார்ப்பான். அதற்கப்புறம்தான் கை நீட்டுவான்.

ஒரகடம் சாலையில், வடக்குப்பட்டுக்கு இந்தப் பக்கம் அவனுக்கு ஒரு வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. இப்போது அந்த இடத்தில் அரசாங்கத்தின் தென்னக நாதக் கருவிகள் நிறுவனம் இருக்கிறது. சரியாகச் சொன்னால், அவன் கொல்லையின்மேல் கம்பெனியின் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறது. நிலம் கொடுத்த வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை என்று வாக்குக் கொடுத்தார்கள். வேலையும் கொடுத்தார்கள். நிரந்தரம் மட்டும் கொடுக்கவில்லை. தன் கொல்லையிலேயே தினக்கூலியாக லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான் நாகப்பன். நிலம் கொடுத்தவர்களுக்கான ஒதுக்கீடு இந்த மார்ச்சு மாதத்தோடு காலாவதி என்று நோட்டீசு போர்டில் ஒட்டியிருந்தது. அதற்குள் நிரந்தரம் ஆகாதவன், அதற்கப்புறம் சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிள் விடக்கூட உரிமை இல்லாதவன்.

"காதுன்னா இன்னா சார் வேல?"

"நாதவட வாரியத்துல பாமரக் காதுன்னு ஒரு பதவி இருக்கு. காலியா கெடக்கு. இசையறிவு, மின்னறிவு, பொது அறிவு மூணும் இல்லாத ஆளாப் பாத்துப் போடணும்னு விதி. கம்பெனி பூரா தேடினோம். உன்ன விட்டா ஆள் கெடைக்கல" என்றார் ஆபீசர், பாராட்டும் தொனியில். "ஒழுங்கா கேட்டேன்னா மார்ச்சுக்குள்ள பர்மனென்ட்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னான். பாப்பம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"காதா? காலையிலேருந்து வெறகு இல்ல, வெறகு இல்லன்னு கத்திகினு கீறேன். அது வுழல. உன்னயப் போயி காதுன்னு எவன் எடுத்தான்?"

"ரெண்டு ஒயரு இருக்குமாம். எதுல பாட்டு நல்லா வருதுன்னு கேட்டுச் சொல்லணுமாம்."

"பாட்டு ஒயர்லயா வருது? பாடறவ தொண்டையில வரல?"

"அதான் எனக்கும் டவுட்டு."

"த பாருய்யா. எதுல வந்தா நமக்கு இன்னா? அவங்க எதச் சொல்றாங்களோ அதயே நீயும் சொல்லிட்டு, பர்மனென்ட் வாங்கிகினு வூடு வந்து சேரு."

"அங்கதான்டி கீது சூது. அவங்க முதல்ல சொல்ல மாட்டாங்களாம். என்னயத்தான் சொல்லச் சொல்றாங்களாம்."

பாப்பம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பொருளைக் கையில் வைத்திருப்பவன் விலையைச் சொல்லாமல், வந்தவனைச் சொல்லச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். தரகன் பெண்டாட்டி.

விஷயம் இதுதான். எண்பதுகளின் பின்பாதி அது. வெளிநாட்டு உதிரிகளைக் கொண்டுவந்து இந்தக் கம்பெனி ஒரு பாட்டுப் பெட்டி செய்தது. நாடாவும் இல்லை, முள்ளும் இல்லை. வெள்ளித் தட்டு ஒன்று உள்ளே சுழலும். அதிலிருக்கும் எண்களை ஒரு வெளிச்சம் படிக்கும். படித்த எண்கள் பக்கத்திலிருக்கும் இரண்டாவது பெட்டிக்குப் போகும்; அது எண்களை மறுபடி பாட்டாக்கும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் ஒரு முழ ஒயர்; அதையே உயர்ந்த ரகமாகச் செய்தால் நாதவடம். அந்த ஒரு முழத்துக்காகத்தான் நாதவட வாரியம். தனிக் கட்டடம், தனி ஜீப், தனித் தோட்டக்காரர். எண்கள் வந்தால் வந்தன, வராவிட்டால் இல்லை, இதில் ஒயருக்கு என்ன வேலை என்று மரியஜோசப் என்கிற இஞ்சினீயர் ஒரு கூட்டத்தில் கேட்டார். அவரிடம் கோபித்துக்கொள்ளாமல் டீ கொடுத்து, மறைமலை நகர் கிடங்குக்குத் திருகாணி எண்ண அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் காலை வாரியத்தின் தர அதிகாரி கிறிஸ்துதாஸ், நாகப்பனுக்குச் சுற்றிக் காட்டினார். கிறிஸ்துதாஸ் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர்; அந்தத் தகுதியில் இங்கே வந்தவர்.

செருப்பை வாசலிலேயே விடச் சொன்னார். காலையில் முறுக்கு, பட்டாணி எதுவும் தின்றாயா என்று கேட்டார். கடித்தால் காதுக்குள் நொறுங்கும் சத்தம் மதியம்வரை தங்குமாம். நாகப்பன் கூழ் குடித்துவிட்டு வந்திருந்தான். கூழ் பரவாயில்லை, அது சத்தமில்லாத உணவு என்றார்.

முதல் அறை, நாதவட ஓய்வறை. ஜன்னலுக்குத் திரை. வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டில், கட்டிலுக்கு மெத்தை, மெத்தைமேல் ஒவ்வொரு ஒயர், கழுத்துவரை போர்த்திக்கொண்டு.

"பிளேன்ல வந்தது. அசதி தீரணும்" என்று கிறிஸ்துதாஸ் குரலைத் தாழ்த்தினார். "கிழக்க தலை வெச்சுப் படுக்க வெச்சிருக்கோம்."

"ஒயருக்கு எது சார் தலை?"

"அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குதோ அது."

"தெக்க திருப்பிப் படுக்க வெச்சா?"

"மிருதங்கம் வீங்கும்."

"வடக்க?"

கிறிஸ்துதாஸ் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "அதப் பத்தி இங்க பேசறதில்ல."

இரண்டாவது அறை, கேட்பறை. சுவரெல்லாம் கோணி, கோணிமேல் பட்டு. பாட்டுப் பெட்டியின் தலையில் ஒரு ஆட்டுக்கல் குழவி உட்கார்ந்திருந்தது. அதற்கு அதிர்வடக்கி என்று பெயர். ஒருமுறைகூட மாவு ஆட்டாத குழவியாக இருக்க வேண்டும் என்பது டெண்டர் நிபந்தனை. ஆட்டிய குழவியை வைத்தால் பாட்டில் புளிப்பு ஏறுகிறதாம். ஒயர் தரையில் படாமலிருக்க அதற்குக் கீழே தேக்கில் கடைந்த குட்டி முக்காலிகள். பலாவில் செய்து பார்த்தார்களாம், வயலின் பிசுபிசுத்ததாம்.

நாகப்பனுக்குச் சந்தேகம் உறுதிப்பட்டது. கழுத்துக்கு மணி, கொம்புக்குக் குஞ்சம், முதுகுக்குச் சால்வை என்று இவ்வளவு ஜோடித்து நிறுத்தியிருக்கிற மாட்டுக்கு எங்கோ ஒரு கால் நொண்டியாகத்தான் இருக்கும். எந்தக் கால் என்பதுதான் தெரியவில்லை.

வாரியத் தலைவர் டாக்டர் பரசுராமன் வந்தார். ஜெர்மனிக்குப் போய் வந்தவர். எத்தனை நாள் இருந்தார் என்பதை அவர் சொல்வதில்லை. மழைக்காலத்தில் போனதாக மட்டும் சொல்வார். அவருக்குப் பின்னால் இசை ஆலோசகர் அன்னபுஷ்பம் அம்மையார் வந்தார். பெண்கள் கல்லூரி ஒன்றில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அமர்வு முடியும்வரை அவர் கண்ணைத் திறப்பதில்லை என்பது வாரியத்தில் பிரசித்தம். ரசிக்கிறார் என்று ஒரு கட்சி, தூங்குகிறார் என்று ஒரு கட்சி.

தலைவர் பேசினார்.

"எண்முறை ஒலி என்பது ஒன்றும் சுழியும். ஒன்றைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. ஒன்று முரட்டுப் பிறவி. துணி காயப்போடும் கம்பியில்கூடப் போய்விடும். என் கவலையெல்லாம் சுழியைப் பற்றித்தான். சாதாரண ஒயரில் போகும் சுழி, சுழியாகப் போய்ச் சேருவதில்லை. வழியில் ஏதாவது ஒட்டிக்கொண்டு விடுகிறது. நம் நாதவடத்திலோ, ஒன்றுமில்லாதது ஒன்றுமில்லாமலேயே போய்ச் சேருகிறது. ஒன்றுமில்லாததைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகத்தான் அரசாங்கம் நம் எல்லோருக்கும் சம்பளம் கொடுக்கிறது. இதை யாரும் மறந்துவிடக் கூடாது."

யாரும் மறந்தவர்களாகத் தெரியவில்லை.

முதலில் சாதாரண ஒயரை மாட்டித் தட்டை ஓட்டினார்கள். வேற்று நாட்டுப் பெண் ஒருத்தி எதையோ நினைத்து உருகிப் பாடினாள். பிறகு நாதவடத்தை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மாட்டினார்கள். அவளே மறுபடியும் பாடினாள். நாகப்பன் உயிரைக் காதில் வைத்துக் கேட்டான். முதல் தடவை அவள் எதற்காக அழுதாளோ, இரண்டாம் தடவையும் அதற்காகவேதான் அழுததாகப் பட்டது.

இனி மார்க்குப் போட வேண்டும். பத்துக்கு எத்தனை. சாதாரண ஒயருக்கு வாரிய விதிப்படி எப்போதும் ஐந்து. நாதவடத்துக்கு மட்டும்தான் புதிதாகப் போட வேண்டும். வாயால் சொன்னால் ஒருவர் சொல்வது இன்னொருவரைக் கெடுக்கும் என்று பேசத் தடை. எழுதினால் பரீட்சை மண்டபம்போல ஒருவர் பக்கம் இன்னொருவர் கழுத்து நீண்டது என்று எழுதவும் தடை. ஆகவே அம்மையார் தவிர எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"யாராவது ஆரம்பிக்கலாமே" என்றார் தலைவர்.

"தலைவர் இருக்க நான் முந்தலாமா?" என்றார் அம்மையார், கண்ணைத் திறக்காமல்.

"அம்மா இருக்கறப்போ நானா?" என்றார் கிறிஸ்துதாஸ்.

மூன்று பேரும் நாகப்பன் பக்கம் திரும்பினார்கள். போன அமர்விலும் இப்படித்தான் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்து கலைந்தார்களாம்.

நாகப்பனுக்கு உள்ளங்கை ஊறியது. சந்தையில் இப்படி நாலு பேர் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்தால் அவனுக்குச் சும்மா இருக்க முடியாது.

"எங்க சந்தையில இதுக்கு ஒரு வழி கீதுங்க. துண்டப் போட்டுட்டு அதுக்குள்ள கையப் பிடிச்சிப் பேசுவோம். வெரல் ஒண்ணுக்கு ஒரு ரேட்டு. பக்கத்துல நிக்கறவன் தலைகீழா நின்னாலும் தெரியாது."

தலைவரின் முகம் மலர்ந்தது. "மேல்நாட்டில் இதை இரட்டைக் குருட்டு முறை என்கிறார்கள். நம்மிடம் துண்டாகவே இருந்திருக்கிறது!" என்று எழுந்து நின்று, நாகப்பன் தோளிலிருந்த துண்டைத் தம் கையாலேயே எடுத்தார். ஒரு விரல் ஒரு மார்க்கு, முழுக்கை ஐந்து, திரும்ப ஒரு முழுக்கை பிடித்தால் பத்து என்று முடிவாயிற்று. தலைவர் ஒவ்வொருவரிடமும் கை கொடுத்து வாங்குவார்.

முதலில் பாமரக் காது.

துண்டுக்குள் இரண்டு கைகளும் சந்தித்தன. நாகப்பன் விரலைக் கொடுக்காமல், சும்மா தலைவரின் கையைத் தடவிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தான். மாட்டின் தரம் தெரியாத தரகன் அப்படித்தான் செய்வான். எதிராளி முதலில் விலை விடட்டும் என்று. ஆனால் தலைவரும் நாகப்பன் கையைத் தடவிக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தார்.

நாகப்பனுக்குப் பகீர் என்றது. என்ன தேர்ந்த ஆள் இவர்! தரகிலேயே பழுத்தவர்கள்கூட இரண்டு மூச்சுக்குள் ஒரு விரலாவது அசைப்பார்கள். இவர் வெறுமனே தடவுகிறார். உள்ளங்கையில் வேர்வையை வேறு வரவழைத்துக் காட்டுகிறார், ஒன்றும் தெரியாதவர்போல. தன்னை உசுப்பிவிட்டு எட்டு, ஒன்பது என்று உயரத்துக்கு ஏற்றி, 'இந்த நொண்டிக்கா இத்தனை?' என்று கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத்தான் இந்த நாடகம். நிலம் போனவனிடமா இந்தக் கதை?

மாடு எது என்று தெரியாவிட்டால் அடிமட்ட விலையில் ஆரம்பி. நாகப்பன் தலைவரின் ஒரே ஒரு விரலைப் பிடித்து நறுக்கென்று அழுத்தினான்.

தலைவருக்கு முகம் வெளுத்தது. ஒன்றா! இவனுக்கு எதுவோ கேட்டிருக்கிறது. தமக்குக் கேட்காத எதுவோ. நாகப்பன் இன்னும் பேரத்துக்குக் காத்திருக்க, அவர் கையை உருவிக்கொண்டு கிறிஸ்துதாஸிடம் போனார். கிறிஸ்துதாஸ் தடவினார். தலைவர் ஒரு விரல் கொடுத்தார். கிறிஸ்துதாஸ் அதைப் பற்றிக்கொண்டு நன்றியோடு தலையாட்டினார். அம்மையாரிடமும் அப்படியே.

நாதவடத்துக்குப் பத்துக்கு ஒன்று. ஏகமனதாக. வாரியம் தொடங்கியதிலிருந்து இதுதான் முதல் ஏகமனது.

அன்று மத்தியானமே கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. வெளிநாட்டுக்குக் கப்பலேறிப் போகவிருந்த நாதவடம், சைக்கிள் கடையில் கிடைக்கிற சாதாரண ஒயரிடம் தோற்றுவிட்டது என்று. டெல்லியிலிருந்து அமைச்சக அதிகாரி ஒருவர் நேரில் வந்து கேட்கப் போகிறார் என்றும், மறுபடி ஐந்துக்குக் கீழே போனால் வாரியத்தையே மூடிவிடுவார்கள் என்றும் பேச்சு வந்தது. மூடினால் பாமரக் காது பதவியும் மூடும். நாகப்பன் கேண்டீனில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குப் போகவில்லை.

கிறிஸ்துதாஸ் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நாகப்பா, நமக்குள்ள இருக்கட்டும். உனக்கு அதுல இன்னா கேட்டுச்சி?"

நாகப்பன் உஷாரானான். ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். சந்தையில் மாட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்ல என்னென்ன சொல்வானோ அதில் ஒன்றை எடுத்துவிட்டான்: "நடை சரியில்ல சார். பின்னங்கால இழுக்குது."

"பின்னங்காலா..." கிறிஸ்துதாஸ் கண்ணை மூடி யோசித்தார். "கரெக்ட். எனக்கும் இழுத்துச்சி. சொல்லத்தான் வார்த்தை வரல."

சாயந்தரம் கம்பெனி பஸ்ஸில் அன்னபுஷ்பம் அம்மையார் பக்கத்துச் சீட்டைக் காட்டி உட்காரச் சொன்னார். "ஏம்ப்பா, நிஜத்தைச் சொல்லு. எங்க தப்புது?" நாகப்பன், மாட்டுக்குப் பார்க்கும் மயிர்ச்சுழியை நினைத்துக்கொண்டு, "தோள்ல சுழி சரியா வுழலம்மா" என்றான். அம்மையார் நெடுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்து, தண்டலம் தாண்டியபோது, "தோள்லதான்" என்று பெருமூச்சு விட்டார்.

அடுத்த நாள் தலைவரே ஜீப்பை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். அதற்குள் வாரிய அறிக்கையில் 'பின்னங்கால் இழுப்பு' என்ற குறைபாடும், 'தோள்சுழிப் பிறழ்வு' என்ற குறைபாடும் சேர்ந்துவிட்டிருந்தன.

"இதுக்கு நிவாரணம் உண்டா நாகப்பா? டெல்லி வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்."

நாகப்பனுக்கு ஜீப்பிலிருந்து இறங்கினால் போதும் என்றிருந்தது. "பின்னங்கால் இழுத்தா லாடம் அடிப்பாங்க சார்" என்றான்.

வார முடிவுக்குள் லாடம் வந்துவிட்டது. நாதவடத்தின் இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். பெயர் நாதலாடம். பெட்டிக்கு ஒரு ஜோடி, வாங்குகிறவர்களுக்குத் தனி விலை. லாடம் அடித்த வடம் அடிக்காத வடத்தைவிட எவ்வளவு துல்லியம் என்று விளக்கி ஒரு வண்ணப் படம் அச்சானது. அதில் குதிரை ஒன்று வீணை வாசித்தது. அடித்த அசதி போக வடங்களுக்கு மேலும் சில நாள் ஓய்வு கொடுத்தார்கள்.

டெல்லி அதிகாரி வந்தார். வாரிய முத்திரை நெய்த பட்டுத் துண்டு தயாராக இருந்தது. குழவிக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். அன்னபுஷ்பம் அம்மையார் கண்ணை மூடினார். அந்தப் பெண் வழக்கம்போல அழுதாள்; லாடம் அடித்த வடத்திலும் அழுதாள்.

தலைவர் துண்டோடு நாகப்பனிடம் வந்தார். துண்டுக்குள் முதலிலேயே முழுக்கை கொடுத்தார். திரும்ப ஒரு முழுக்கை. பத்து. கெஞ்சும் கை.

நாகப்பன் ஒரு விரல் பிடித்தான்.

மனசில் கெடுதல் ஒன்றுமில்லை. எதிராளி பத்து என்றால் ஒன்று என்பதுதான் மரியாதை; எடுத்த எடுப்பில் சரி என்பவனைச் சந்தையில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். தலைவர் ஒன்பது கொடுத்தார். நாகப்பன் இரண்டு என்றான். துண்டு படபடத்தது. தலைவரின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. டெல்லி அதிகாரி முன்னால் சாய்ந்து, "எவ்வளவு ஆழமான கேட்பு" என்று பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

மூன்றுக்கு வந்தபோது நாகப்பன் நின்றான். பெருவிரலை மடக்கி, தலைவரின் உள்ளங்கை நடுவில் வைத்து அழுத்தித் திருகினான். 'எனக்கு இன்னா கெடைக்கும்' என்று அர்த்தம். சந்தையில் இதைப் புரிந்துகொள்ளப் புது ஆட்களுக்கு நாளாகும். டாக்டர் பரசுராமன் சந்தைப் பக்கமே போகாதவர். ஆனால் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். அவன் பெருவிரலை இரண்டு கையாலும் பற்றி மேலும் கீழும் ஆட்டினார். நிரந்தரம்.

நாகப்பன் ஒன்பது கொடுத்தான். தலைவரின் மூக்கு நுனிச் சொட்டு விழுந்தது.

கிறிஸ்துதாஸ் ஒன்பது. அம்மையார் ஒன்பது. டெல்லி அதிகாரிக்கும் ஆசை வந்துவிட்டது. தாமே நாகப்பனோடு துண்டு போட வேண்டும் என்றார். போட்டார்கள். அந்தக் கை வந்தது, நாகப்பனின் கையைத் தடவியது, நின்றது.

இவரும் தடவுகிறார்.

அப்போதுதான் நாகப்பனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அதுவரை பட்ட சந்தேகத்தையெல்லாம் ஒன்றாகக் கட்டினாலும் இதற்குக் காணாது. இவர்கள் ஒருத்தருக்கும் ஒன்றும் கேட்கவில்லையோ? அவன் அந்தக் குழவியைப் பார்த்தான், கட்டில்களை நினைத்துப் பார்த்தான், ஜீப்பையும் தோட்டக்காரரையும் நினைத்துப் பார்த்தான். சேச்சே, இருக்காது. இவ்வளவு பெரிய மனுஷர்கள், இவ்வளவு செலவு. அப்படியெல்லாம் இருந்துவிட முடியாது. ஒன்பது கொடுத்தான். அதிகாரி அதைப் பற்றிக்கொண்டார்.

விருந்துக்கு முன் அதிகாரி பேசினார்: "நான் டோக்கியோவிலும் கேட்டிருக்கிறேன். இன்று இரண்டு வடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெள்ளத் தெளிவாகக் கேட்டேன். எது நல்லது என்பதை மட்டும் வாரியம் எனக்கு எழுத்துமூலம் தெரிவித்தால் போதும்."

மார்ச்சு மாதக் கடைசி வாரத்தில் தலைவர் நாகப்பனைக் கூப்பிட்டனுப்பினார். கிறிஸ்துதாஸும் இருந்தார். நாகப்பன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனான்.

"வாழ்த்துகள். ஆனால் தணிக்கைத் துறையில் ஒரு சின்னச் சிக்கல்" என்றார் தலைவர். "அரசாங்கம் அனுமதித்திருப்பது பாமரக் காது, ஒன்று. நீ இரண்டு வைத்திருக்கிறாய்."

"பொறந்ததுலேருந்து அப்படித்தாங்க கீது."

"அதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பதவியில் இரண்டு காதை நிரந்தரம் செய்தால் நாளைக்கு இரண்டு பேர் இரண்டு காதும் என்று நாலாக வந்து நிற்பார்கள். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்."

தேர்ந்தெடுத்தார்கள். இடது காதில் பஞ்சடைத்துப் பாட்டுப் போட்டார்கள். வலது காதில் பஞ்சடைத்துப் பாட்டுப் போட்டார்கள். துண்டு போட்டார்கள். வலது காது ஒரு விரல் வித்தியாசத்தில் வென்றது.

"உன் வலது காது இன்று முதல் நிரந்தர ஊழியர்" என்று தலைவர் கை குலுக்கினார். "அதற்கு ஓய்வூதியம் உண்டு, மருத்துவ விடுப்பு உண்டு, தீபாவளி முன்பணம் உண்டு. மற்றபடி நீ பழையபடி தினக்கூலிதான்."

நாகப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தான். "ஒரே ஒரு சந்தேகங்க. கால் வராம காது எப்படி வேலைக்கு வரும்?"

"கால் தினக்கூலியாக வரலாம். ஆட்சேபணை இல்லை."

"எடது காது?"

"வலது காது பணியிலிருக்கும்போது அது வளாகத்துக்குள் இருந்தால் கூடுதல் ஆள் கணக்காகும். வாசல் கேட்டில் பஞ்சு கொடுப்பார்கள், வாங்கி அடைத்துக்கொள். இன்னொன்று நாகப்பா" என்று தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து, அவன் வலது காதுக்கு நேராகப் பேசினார். அதனிடம் பேசும்போது அவர் குரலில் ஒரு சக ஊழியர் மரியாதை இருந்தது. "நிரந்தர ஊழியர் இருபத்துநாலு மணி நேரமும் நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர். நிறுவனத்துக்கு விரோதமான பேச்சைக் கேட்கக் கூடாது. கேட்டால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும்."

வெளியே வந்ததும் கிறிஸ்துதாஸ், "குடுத்து வெச்ச காதுப்பா. நான் இன்னும் முழுசா டெம்பரரி" என்றார்.

சாயந்தரம் வாசலில் பாப்பம்மாள் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வெல்லம் கொடுக்க எடுத்துவைத்திருந்தாள்.

"ஆயிடுச்சா?"

"ஆச்சி."

"பர்மனென்டா?"

"பர்மனென்ட்தான்."

"பின்ன ஏன்யா மூஞ்சிய இப்படி வெச்சிகினு கீற?"

நாகப்பன் சொன்னான். அவள் ஒருமுறை கேட்டாள், புரியவில்லை. மறுமுறை கேட்டாள், புரிந்தது. வெல்லத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து இரண்டு பக்கமும் பார்த்தாள், வீட்டுக்கு வந்த புது மாட்டைப் பார்ப்பதுபோல.

"எதுய்யா சர்க்காருது?"

"வலது."

"இது நம்மளுது?"

"இது நம்மளுது."

அவள் இடது பக்கமாக வந்து, அந்தக் காதிலிருந்த கம்பெனிப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டாள். வாயைக் கிட்டே வைத்துக்கொண்டு கேட்டாள். "மெய்யாச் சொல்லு. அந்த ரெண்டு ஒயர்லயும் உனக்கு வித்தியாசம் கேட்டுச்சா?"

நாகப்பன் தெருவை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வலது காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டான். பொத்திய கைமேல் துண்டையும் சுற்றிக்கொண்டான்.

"மசுரு கேட்டுச்சி" என்றான்.